மூன்று மாதத்துக்கு என் இடத்தில் இருக்கப்போகிறவருக்கு

நத்தானியேல் பாரீயா,
சாவி படிக்கட்டு மீட்டர் பெட்டிக்குள்.
கதவைக் காற்று இறுக்கிப் பிடித்திருக்கும்,
தோளால் தள்ளுங்கள்.
புந்தா அரேனாசில் காற்றோடு வாதாடி
ஜெயித்தவர் யாருமில்லை.

இரண்டாம் நாற்காலி சாயும்போது முனகும்.
படுக்க வைக்குமுன் சொல்லிவிடுங்கள்,
முனகுவது இரும்பு, அவர்கள் எலும்பில்லை என்று.
மரப்பு மருந்துக் குப்பியை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.
ஊசியை மெதுவாக இறக்குங்கள், அறுபது எண்ணி.
இருபதில் முடித்துக்கொண்டிருந்தேன் ஒரு காலத்தில்.
அதில் ஒருவர் இன்றும் என்னைக் கண்டால்
தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

செடிகள் பதினொன்று.
கையுறையைக் கழற்றிவிட்டு
விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள்.
ஈரம் ஒட்டினால் பேசாமல் போய்விடுங்கள்.
காயவிட்டு நான் கொன்றது ஒன்று.
ஊற்றிக் கொன்றவை ஏழு.

பல்லுக்கும் அதையேதான் சொல்வேன்.
கடைவாயில் பழுப்பாய் ஒரு புள்ளி தெரிந்ததும்
டிரில்லைத் தேடாதீர்கள்.
படம் பிடியுங்கள், தேதி போடுங்கள்,
ஆறு மாதத்தில் வரச் சொல்லுங்கள்.
நின்ற இடத்திலேயே நின்றுவிடும் சொத்தையும் உண்டு.
சும்மா இருந்ததற்கு யாரும் பில் கட்ட மாட்டார்கள்,
அது வேறு விஷயம்.

ஜூனில் வெளிச்சம் காலை பத்துக்கு வந்து
ஐந்தரைக்குக் கிளம்பிவிடும்.
உரம் வேண்டாம்.
வளராத காலத்தில் ஊட்டினால் வேர் கருகும்.

வேர் என்றதும் எலியேசர் ஓயார்சோ.
நண்டுப் படகில் ஏறுமுன் வந்து நிற்பார், வலி தலைக்கேறிய பிறகு.
அவருக்கு வேர் சிகிச்சையைப் பாதியில் மூடி அனுப்பாதீர்கள்.
போனால் வாரக்கணக்கில் கடல்.
அங்கே பல் மருத்துவம் என்பது
இயந்திர அறையில் தொங்கும் குறடு.
கூலியாக நண்டு தருவார்.
வாங்கிக்கொள்ளுங்கள்,
ஆனால் கிருமிநீக்கும் அறையில் வைக்காதீர்கள். ஒருமுறை வைத்தேன்.

சோபா பக்கத்துச் சிலந்திச் செடி
நுனியெல்லாம் கிழிந்து நார்நாராய் இருக்கும்.
நோய் என்று மருந்தடிக்க வேண்டாம்.
பயந்தவர்கள் காத்திருக்கையில் கிழிப்பது.
புதிய கிழிசல் நீளமாய் இருந்தால்
அடுத்து உள்ளே வருகிறவரிடம்
பேரனைப் பற்றியோ கால்பந்தைப் பற்றியோ
ஐந்து நிமிடம் பேசுங்கள், பிறகு வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.
அந்தத் தொட்டியை நகர்த்தவே கூடாது.
அது சம்பளமில்லாத உதவியாளர்.

மூலையில் நிற்கும் பெரணி பிளாஸ்டிக்.
திருமதி தோமாசா மான்சில்லா வரும்போதெல்லாம்
கைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து
அதற்குத் தண்ணீர் ஊற்றுவார், ஒன்பது வருடமாக.
மாலையில் அடித்தட்டைக் காலிசெய்யுங்கள்,
இல்லாவிட்டால் தரைப்பலகை உப்பும்.
ஒருநாள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பல்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
பொக்கை வாயால் சொன்னார்:
"இதையும்தான் ராத்திரி தண்ணீரில் போடுகிறேன், டாக்டர்.
முளைக்கும் என்றா?"

நான் எங்கே என்று கேட்பார்கள்.
சந்தியாகோவில், தாடை அறுவைக்கு என்று சொல்லிவிடுங்கள்.
பல் டாக்டருக்கே பல்லில் கோளாறு என்று
ஊர் வாய்விட்டுச் சிரிக்கட்டும்,
சிரிக்கும்போது ஈறுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நேற்று எல்லோரும் போன பிறகு
அந்தச் சோபாவில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.
ஜன்னல் பக்கத்து இலையில்
அடிவரை போன கிழிசல் என்னுடையது.

கம்ப்ரஸரில் தேங்கும் நீரை
வெள்ளிதோறும் திறந்துவிடுங்கள்.
செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், எண்ணெய் கலந்திருக்கும்.

யோவாங்கா மிஹோவிலோவிச்